குரோஷே பொம்மை பின்னி வேலையை விட்டுடலாமா? ஒரு யானைக்குட்டியோட முழுக் கணக்கு

போன தீபாவளி முடிஞ்ச அடுத்த ஞாயித்துக்கிழமை என் சித்தி பொண்ணு போன் பண்ணினா. "அக்கா, ரிசைன் பண்ற மெயிலை டைப் பண்ணி டிராஃப்ட்ல வெச்சிருக்கேன். நாளைக்குக் காலைல அனுப்பிடலாம்னு இருக்கேன். இங்கிலீஷ் சரியா இருக்கான்னு மட்டும் பார்த்துச் சொல்லு"ன்னா.

இங்கிலீஷ் சரியாத்தான் இருந்தது. எனக்குத்தான் வயித்தைக் கலக்கிடுச்சு.

அவ பெருங்குடியில ஒரு ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ் டீம்ல இருக்கா. கைக்கு வர்ற சம்பளம் ₹32,000. பி.எஃப். உண்டு, குரூப் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் உண்டு. ரெண்டு வருஷமா ராத்திரில குரோஷே பொம்மை பின்னிட்டு இருந்தா. இன்ஸ்டாகிராம்ல ஒரு ரீல் நல்லா ஓடுச்சு. தீபாவளி மாசம் மட்டும் 26 யானைக்குட்டி ஆர்டர். ஒண்ணு ₹499, டெலிவரி இலவசம். மொத்தம் ₹12,974. "பார்ட் டைம்லயே பதிமூணாயிரம் வருதுன்னா, முழு நேரம் உக்காந்தா நாப்பதாயிரம் வராதா?"ங்கிறதுதான் அவ கேள்வி. கேட்கும்போது நியாயமாத்தான் படும்.

ஒரு வாரம் தள்ளிப்போடச் சொன்னேன். அடுத்த ஞாயிறு ஒரு நோட்டை எடுத்துக்கிட்டு தாம்பரத்துல இருக்கிற அவங்க வீட்டுக்குப் போனேன். கணக்கு போடணும்னா எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னு எனக்கே தெரியணும். அதனால முதல்ல எனக்குக் கத்துக்கொடுன்னு சொல்லிட்டேன். மூணு வார இறுதியில கத்துக்கிட்டேன். அதனால இந்தப் பதிவுல ரெண்டு விஷயமும் இருக்கும்: குரோஷே பொம்மை எப்படி ஆரம்பிக்கிறது, அதுல காசு எங்கே இருக்கு, எங்கே இல்லை.

ஆரம்பிக்க ₹400 போதும்

குரோஷேன்னா ஒரே ஒரு கொக்கி ஊசி. நிட்டிங்ன்னா ரெண்டு நீள ஊசி, ஸ்வெட்டர் பின்றது. குரோஷேல பின்ற இந்தக் குட்டிப் பொம்மைகளுக்கு 'அமிகுருமி'ன்னு பேர். ஜப்பானிய வார்த்தை. பின்றதுக்கு அவங்க சொல்ற 'அமி', பஞ்சடைச்ச பொம்மைக்குச் சொல்ற 'நுய்குருமி' ரெண்டும் சேர்ந்து வந்தது.

நான் வாங்கினது இவ்வளவுதான். ரப்பர் பிடி வெச்ச 3 மி.மீ. கொக்கி ஒண்ணு, ₹80. மில்க் காட்டன் நூல் வெளிர் மஞ்சள்ல 100 கிராம், ₹160. ஃபைபர் பஞ்சு கால் கிலோ, ₹100. மொட்டை முனை தையல் ஊசி, ₹20. கண்ணுக்குக் கறுப்பு நூல் வீட்டுலயே இருந்தது. எந்த வரிசை எங்கே ஆரம்பிச்சதுன்னு அடையாளம் வெக்க 'ஸ்டிட்ச் மார்க்கர்'னு தனியா விக்கிறாங்க. எங்க சித்தி தாலிக்கொடியில இருந்து ஒரு ஊக்கைக் கழட்டிக் கொடுத்தாங்க, அதுவே போதுமா இருந்தது. ஆக ₹360.

முதல் நூலே கறுப்பு, நேவி ப்ளூன்னு போகாதீங்க, ஓட்டை எங்கே இருக்குன்னே தெரியாது. புசுபுசுன்னு வெல்வெட் மாதிரி இருக்கிற நூலும் வேண்டாம். போட்டோவுல அழகா இருக்கும், கையில எடுத்தா அழுகை வரும். பன்னெண்டு கொக்கி இருக்கிற செட்டையும் தொடாதீங்க. தங்கச்சியோட பன்னெண்டுல பத்து இன்னும் உறையில அப்படியே இருக்கு. அவ அலமாரியில தொடாத நூல்கண்டு மட்டும் 41 எண்ணினேன். குறைச்சலா மதிப்பு போட்டாலும் ஆறாயிரம் ரூபாய். அக்கவுண்ட்ஸ்ல இருக்கிற பொண்ணு! ஆபீஸ்ல இதை 'டெட் ஸ்டாக்'னு எழுதுவா. வீட்டுல 'கலெக்‌ஷன்'னு சொல்றா.

கத்துக்கொடுக்க ஆள் கிடைப்பாங்களான்னு யோசிக்காதீங்க. 2016 ஜனவரியில சென்னையில ஒரு குரோஷே பெண்கள் குழு எல்லாரும் பின்னின துண்டுகளைச் சேர்த்து 11,000 சதுர மீட்டருக்கு மேல ஒரே போர்வையா விரிச்சு கின்னஸ் சாதனை பண்ணினாங்க. உங்க அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்ல கேட்டுப் பாருங்க, யாராவது ஒரு ஆன்ட்டிக்குத் தெரிஞ்சிருக்கும்.

ஏன் ஸ்வெட்டர் இல்லாம பொம்மை?

சென்னை வெயில்ல ஸ்வெட்டர் எதுக்குங்கிறது ஒரு காரணம். அதை விட முக்கியமானது வேற. ஸ்வெட்டர் ஒரு உடம்புக்குப் பொருந்தணும். உங்க கை இறுக்கமா, தளர்வாங்கிறதைப் பொறுத்து அளவே மாறிடும். அதனால நிட்டிங்ல முதல்ல ஒரு சின்ன சதுரம் பின்னி, பத்து சென்டிமீட்டருக்கு எத்தனை தையல் வருதுன்னு எண்ணிப் பார்த்துட்டுத்தான் ஆரம்பிக்கணும். பொம்மைக்கு அந்தக் கவலை இல்லை. யானை அரை அங்குலம் பெருசா வந்தா அது கொஞ்சம் பெரிய யானை, அவ்வளவுதான்.

இன்னொண்ணு, நிட்டிங்ல ஒரு வரிசை முழுக்க ஊசியில தொங்கிட்டு இருக்கும். ஒண்ணு நழுவினா ஏணி மாதிரி கீழே வரைக்கும் பிரிஞ்சுக்கிட்டே போகும். குரோஷேல உயிரோட இருக்கிறது ஒரே ஒரு வளையம்தான். அதுல ஊக்கைக் குத்திட்டு எலெக்ட்ரிக் ட்ரெயின்ல இறங்கிடலாம், மறுநாள் காலைல விட்ட இடத்துல இருந்து தொடரலாம்.

பணக் கணக்குலயும் ஒரு வித்தியாசம் இருக்கு. நிட்டிங்கை மெஷின் எப்பவோ எடுத்துக்கிடுச்சு. திருப்பூர் பனியன், டி-ஷர்ட் எல்லாமே நிட்டிங்தான், மெஷின் நிட்டிங். குரோஷேயை அப்படியே போட்டுக்கொடுக்கிற மெஷின் இன்னும் வரலை. சந்தையில இருக்கிற ஒவ்வொரு குரோஷே பொருளும் யாரோ ஒருத்தர் கையால பின்னினது. இதைக் கேட்டதும் 'அப்போ நல்ல விலை கிடைக்குமே'ன்னு தோணும். அதுதான் இல்லை. ஏன்னு கீழே வரும்.

பேட்டர்னை எக்செல் மாதிரி படிங்க

பேட்டர்னைப் பார்த்ததும் பயந்துடுவோம், ஏதோ ரகசிய மொழி மாதிரி இருக்கும். ஆனா எக்செல் ஃபார்முலா எழுதத் தெரிஞ்சவங்களுக்கு இது பழகின விஷயம். ஒரு உருண்டை பின்றதைப் பாருங்க. 'மேஜிக் ரிங்'னு ஒரு வளையம் போட்டு அதுல 6 தையல். அடுத்த சுத்துல ஒவ்வொரு தையல்லயும் ரெண்டு ரெண்டு, 12 ஆகும். அப்புறம் 18, 24, 30, 36. சுத்துக்கு ஆறு ஆறா கூடிக்கிட்டே போகும். அப்புறம் ஆறு சுத்து கூட்டாம குறைக்காம 36லயே. பிறகு 30, 24, 18, 12, 6ன்னு இறங்கணும். வாய் மூடறதுக்கு முன்னாடி பஞ்சை அடைச்சுடணும். முடிஞ்சது உருண்டை. அதுதான் யானைத் தலை, கரடி உடம்பு, ஆப்பிள், எல்லாமே.

ஒவ்வொரு வரி கடைசியிலயும் அந்தச் சுத்துல எத்தனை தையல்னு பேட்டர்ன்ல எழுதியிருக்கும். எண்ணிக்கிட்டே போங்க. நான் எண்ணாம போனதால முதல் உருண்டை கத்திரிக்காய் மாதிரி வந்துச்சு.

இன்னொரு பொறி இருக்கு. அமெரிக்கா பேட்டர்ன்ல 'சிங்கிள் குரோஷே'ன்னு சொல்றதை இங்கிலாந்து பேட்டர்ன்ல 'டபுள் குரோஷே'ன்னு சொல்வாங்க. தையல் ஒண்ணுதான், பேர்தான் வேற. பொம்மைக்கு இந்தக் குட்டைத் தையல்தான் வேணும். பேர் குழப்பத்துல உயரமான தையல் போட்டுட்டா இடைவெளி வழியா பஞ்சு எட்டிப் பார்க்கும். பேட்டர்ன் முதல் பக்கத்துலயே எந்த நாட்டு வழக்குன்னு போட்டிருப்பாங்க, பார்த்துக்கோங்க. 2007ல ஆரம்பிச்ச 'ராவல்ரி' தளத்துல குரோஷே, நிட்டிங் ரெண்டுக்கும் இலவச பேட்டர்னை மட்டும் பிரிச்சுத் தேட முடியும். முதல் ஆறு மாசம் காசு கொடுத்து பேட்டர்ன் வாங்க அவசியமே இல்லை.

இப்போ நான் நோட்டுல போட்ட முதல் கணக்கு. மேலே சொன்ன உருண்டையோட தையல்களைக் கூட்டிப் பாருங்க. ஏறும்போது 126, நடுவுல 216, இறங்கும்போது 90. மொத்தம் 432. புதுசா கத்துக்கிற எனக்கு நிமிஷத்துக்கு 6 தையல் வந்துச்சு. அப்போ ஒரு உருண்டைக்கு 72 நிமிஷம். எந்த பேட்டர்னா இருந்தாலும் வரிக் கடைசி எண்களைக் கூட்டி உங்க வேகத்தால வகுத்தா, கொக்கியைத் தொடறதுக்கு முன்னாடியே எத்தனை மணி நேரம் ஆகும்னு தெரிஞ்சுடும். தங்கச்சியோட யானைக்குக் கூட்டினோம். உடம்பு, தலை, நாலு கால், ரெண்டு காது, தும்பிக்கை, வால்னு சுமார் 3,100 தையல். அவ வேகம் நிமிஷத்துக்கு 8. ஆக ஆறரை மணி நேரம்.

"அவ்வளவா? நான் மூணு மணி நேரம்னு நெனச்சேன்க்கா"ன்னா. ரெண்டு வருஷமா பின்றா. ஒரு நாள் கூட கடிகாரத்தைப் பார்த்ததில்லை.

₹499ல என்ன மிஞ்சுது?

நூல் 70 கிராம், ₹112. பஞ்சு ₹14. கண்ணு ₹6. டப்பா, டேக், பபிள் ரேப் ₹35. கூரியர் ₹70, அது 'இலவசம்', அதாவது அவ கையில இருந்து போறது. மொத்தச் செலவு ₹237. கையில நிக்கிறது ₹262.

நேரம்? பின்ன ஆறரை மணி. கை, கால், காது எல்லாம் சேர்த்துத் தைக்க ஒரு மணி. கஸ்டமரோட சாட், போட்டோ, பேக்கிங், கூரியர் ஆபீஸ் க்யூ அரை மணி. மொத்தம் 8 மணி நேரம். ₹262ஐ 8ஆல வகுத்தா மணிக்கு ₹33.

ஆபீஸ்ல அவளுக்கு 22 நாள், நாளுக்கு 9 மணி நேரம்னு வெச்சா மணிக்கு ₹161 வருது. பி.எஃப்.ல கம்பெனி போடறது, இன்ஷூரன்ஸ் எதையும் சேர்க்காம.

அடுத்த வரியை நான் எழுதலை, பேனாவை அவகிட்ட கொடுத்துட்டேன். அதே ₹32,000ஐ யானையில சம்பாதிக்கணும்னா மாசம் 122 யானை. 122ஐ எட்டால பெருக்கினா 976 மணி நேரம்.

ஒரு மாசத்துல இருக்கிறதே 720 மணி நேரம். தூங்காம, சாப்பிடாம.

கொஞ்ச நேரம் யாரும் பேசலை. அப்புறம் அவதான் கேட்டா: "அப்போ தீபாவளி மாசம் 26 யானை எப்படிக்கா முடிச்சேன்? அதுவே 208 மணி நேரம் ஆச்சே. ஆபீஸும் போய்ட்டு வந்தேனே?"

சமையல்கட்டுல இருந்து சித்தி எட்டிப் பார்த்தாங்க. "காலு, காது, வாலு எல்லாம் யாருடி பின்னிக் கொடுத்தது? தச்சுக் கொடுத்தது யாரு?"

நரசாபூர்ல இருந்து தாம்பரம் வரைக்கும்

சித்திக்கு பள்ளிக்கூடத்துல கைவேலை வகுப்புல கத்துக்கிட்ட குரோஷே. தீபாவளிக்கு முந்தின மாசம் முழுக்க, மத்தியானம் தூங்காம, சீரியல் பார்த்துக்கிட்டே பாதி யானைகளைப் பின்னியிருக்காங்க. வலது மணிக்கட்டுல வலி, ராத்திரி தைலம் தேய்ச்சுக்கிட்டு படுத்திருக்காங்க. "சும்மாதானே இருக்கேன்"னு சொன்னாங்க. நோட்டுல அந்த நேரத்துக்கு ஒரு வரி கூட இல்லை. மணிக்கு ₹33ங்கிறதே ரெண்டு பேர் பங்கு போட்டுக்கிட்ட ₹33.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்லை. ஆந்திராவுல மேற்கு கோதாவரி மாவட்டத்துல நரசாபூர்னு ஒரு ஊர். அங்கே குரோஷே லேஸ் பின்றது பல தலைமுறையா நடக்குது. வெளிநாட்டுக்கு ஏற்றுமதி ஆகிற சரக்கு, புவிசார் குறியீடும் வாங்கியிருக்கு. ஜெர்மானிய சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கே போய் ஆராய்ச்சி பண்ணி 1982ல ஒரு புத்தகமே எழுதினாங்க. அவங்க கண்டுபிடிச்சது இதுதான்: உலகச் சந்தைக்குப் பின்ற அந்தப் பெண்களை யாருமே 'தொழிலாளி'ன்னு சொல்லலை. வீட்டுல சும்மா இருக்கிற நேரத்துல ஏதோ பின்றாங்கன்னு சொல்லித்தான் அவ்வளவு குறைஞ்ச கூலி. வியாபாரிகளுக்கு அந்தச் 'சும்மா'ங்கிற வார்த்தைதான் லாபம்.

மெஷின் இல்லாத தொழில்ல விலை ஏன் ஏறலைன்னு மேலே ஒரு கேள்வி விட்டுட்டு வந்தேனே, அதுக்குப் பெரிய பதில் இதுதான். நேரத்தைக் கணக்குல சேர்க்காத இன்னொருத்தரோடதான் உங்க விலை போட்டி போடுது. ஆன்லைன்ல ₹150க்கு ஒரு குரோஷே பொருளைப் பார்த்தா, அதுக்குப் பின்னாடியும் ஒரு கை இருக்குன்னு ஞாபகம் வெச்சுக்கோங்க. அதுக்காக நீங்களும் அந்த விலைக்கு இறங்கணும்னு இல்லை.

சரி, காசு எங்கேதான் இருக்கு?

தங்கச்சி விக்கிறதுலயே மிளகாய் கீசெயின் ஒண்ணு இருக்கு, ₹150. 'சின்னது, பெருசா ஒண்ணும் நிக்காது'ன்னு ஒதுக்கி வெச்சிருந்தா. ஸ்டால்ல நேர்ல விக்கிறதால கூரியர் இல்லை. நூலும் பேக்கிங்கும் ₹30. எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம். கையில ₹120. யானையை விட மூணு மடங்குக்கு மேல! விலை பெருசா இருக்கிற பொருள் லாபமான பொருள்னு நெனைக்காதீங்க, மணிக்கு எவ்வளவுன்னு பாருங்க. ஒரே ஒரு குறை, ஸ்டால் மாசாமாசம் கிடைக்காது.

பேட்டர்ன் எழுதி விக்கலாமா? எழுத ஒரு தடவை உழைச்சா போதும், பி.டி.எஃப். எத்தனை தடவை வேணும்னாலும் விக்கலாம். ஸ்வெட்டர் பேட்டர்ன்னா ஒவ்வொரு உடம்பு அளவுக்கும் தனித்தனியா எண்ணிக்கை போடணும், பொம்மைக்கு ஒரே அளவு. ஆனா இலவசமாவே குவிஞ்சு கிடக்கிற உலகத்துல உங்களோடதுக்கு ஏன் காசு கொடுக்கணும்ங்கிற கேள்விக்கு உங்ககிட்ட பதில் இருக்கணும். இன்னொருத்தர் பேட்டர்னைக் கொஞ்சம் மாத்தி உங்க பேர்ல விக்கிறது திருட்டு. சினிமா, கார்ட்டூன் கேரக்டர் பொம்மை பின்னி விக்கிறதும் உரிமை வெச்சிருக்கிற கம்பெனிக்குத் தெரிஞ்சா வம்புதான்.

எனக்கு நம்பிக்கை இருக்கிறது கத்துக்கொடுக்கிறதுலதான். அமெரிக்காவுல 'வூபிள்ஸ்'னு ஒரு கம்பெனி. கூகுள்ல வேலை பார்த்த ஜஸ்டின் டியூவும் அவங்க கணவரும் 2020ல ஆரம்பிச்சாங்க. அவங்க விக்கிறது பொம்மை இல்லை. பொம்மை பின்றதுக்கான கிட். புதுசா வர்றவங்க தடுமாறுற அந்த முதல் சுத்துகளை முன்னாடியே போட்டு வெச்சிருப்பாங்க, மீதியை வீடியோ பார்த்து நீங்க பின்னணும். 2022ல அமெரிக்க 'ஷார்க் டேங்க்' வரைக்கும் போனாங்க. எல்லாரும் வூபிள்ஸ் ஆக முடியாது, அது வேற விஷயம். ஆனா ஞாயித்துக்கிழமை அஞ்சு பேருக்கு ரெண்டரை மணி நேர வகுப்பு, ஆளுக்கு ₹500ன்னு வெச்சாக்கூட, நூல் செலவு போக யானை பக்கத்துலயே வர முடியாது.

விக்க ஆரம்பிச்சா இதெல்லாம் இருக்கு

2021 ஜனவரி 1ல இருந்து 14 வயசுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடற பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வீட்டுல பின்றவங்க நிறைய பேருக்கு இது தெரியவே தெரியாது. மத்திய ஜவுளி அமைச்சகத்தோட கைவினைப் பொருள் ஆணையர் அலுவலகத்துல கைவினைக் கலைஞரா பதிவு பண்ணினவங்க தாங்களே செஞ்சு விக்கிற பொருளுக்கு விலக்கு இருக்கு. அந்தப் பதிவுக்கு 'பெஹ்சான்' அடையாள அட்டைன்னு பேர். நெறைய விக்கப் போறீங்கன்னா முதல்ல அதை வாங்குங்க. மூணு வயசுக்குக் கீழே இருக்கிற குழந்தைக்கான பொம்மையில பிளாஸ்டிக் கண்ணு வேண்டவே வேண்டாம். பாக்கெட்டுல 'சேஃப்டி ஐ'ன்னு போட்டிருந்தாலும் சரி, நூலால கண்ணைத் தச்சுடுங்க.

சம்பளத்தோட இந்த வருமானமும் சேர்ந்தா அது பிசினஸ் வருமானம். வழக்கமா போடற ஐ.டி.ஆர்.-1 செல்லாது. சின்ன வியாபாரத்துக்கு ஐ.டி.ஆர்.-4ல சுலபமான வழி இருக்கு. வெளி மாநிலத்துக்கு அனுப்பறதா இருந்தா ஜி.எஸ்.டி. பத்தி ஒரு ஆடிட்டர்கிட்ட பத்து நிமிஷம் பேசிடுங்க. அதுக்கும் முன்னாடி உங்க ஆஃபர் லெட்டரை எடுத்து, வேற தொழில் பண்ணக்கூடாதுன்னு ஏதாவது வரி இருக்கான்னு பாருங்க. தங்கச்சியோடதுல இருந்தது. ஹெச்.ஆர்.கிட்ட மெயில்ல அனுமதி கேட்டா, கொடுத்துட்டாங்க.

ஆமா, அவ வேலையை விடலை. அந்த டிராஃப்ட் மெயிலை அன்னிக்கே டெலீட் பண்ணலை, ஒரு மாசம் வெச்சிருந்து அப்புறம்தான் பண்ணினா. யானைக்கு இப்போ ₹999, கூரியர் தனி. மாசம் 26 எங்கே, இப்போ நாலு ஆர்டர் வருது. விலையை ஏத்தின முதல் வாரம் ஒருத்தர் கூட கேட்கலை, அவ முகத்தைப் பார்க்கவே கஷ்டமா இருந்தது. இப்போ மணிக்கு ₹104 நிக்குது. ராத்திரி பதினொரு மணிக்குத் தூங்கறா. அந்த 41 கண்டு தீர்ற வரைக்கும் புது நூல் வாங்கறதில்லைன்னு சத்தியம் பண்ணியிருக்கா. போன வாரம் போனப்போ 43 இருந்தது, நான் ஒண்ணும் சொல்லலை.

யானை சேர்த்துத் தைக்கிறது சித்திதான். ஒரு யானைக்கு ரெண்டு மணி நேரம்னு கணக்கு வெச்சு, மணிக்கு ₹100 அவங்க அக்கவுண்டுக்குப் போகுது. முதல் மாசம் ₹800 வந்த மெசேஜைப் பார்த்துட்டு "எதுக்குடி எனக்குக் காசு?"ன்னு கேட்டாங்க. ரெண்டாவது மாசம் அஞ்சாந்தேதி ஆகியும் வரலைன்னதும் அவங்களே ஞாபகப்படுத்தினாங்க. போஸ்ட் ஆபீஸ்ல மாசம் ₹500க்கு ஒரு ஆர்.டி. ஆரம்பிச்சிருக்காங்க.